ஒல்லி உடம்பும் ஏ.சி. சுவிட்சும்

போன மாதம் எனக்கு முழங்கால் ஆபரேஷன். மேசையில் படுக்க வைத்ததும், மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் பெண் காகிதம் மாதிரி ஒரு போர்வையை என் மேல் விரித்து, அதில் ஒரு குழாயைச் செருகினாள். போர்வை உப்பிக்கொண்டது. உள்ளே இதமான வெப்பக்காற்று. "ஆன்ட்டி, நீங்க ரொம்ப ஒல்லி. ஒல்லியா இருக்கறவங்களுக்கு ஆபரேஷன் அப்போ உடம்புச் சூடு சீக்கிரம் எறங்கிடும். கொழுப்பு இல்ல பாருங்க, அதான்" என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்த ஒரு சங்கதியை ஒரே ஒரு மனிதரை நம்பவைக்க நான் என்ன பாடு பட்டேன் என்று அவளுக்கு எங்கே தெரியும்? ஊசி ஏறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதையும் இல்லை. "சரிம்மா" என்று கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது கால் தேறிவிட்டது. குறுக்கே பேச ஆளும் இல்லை. சொல்லிவிடுகிறேன்.

நான் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற குடும்பத்தில் பிறந்தவள். தறியில் உட்கார எனக்குப் பொறுமை கிடையாது என்று அப்பாவே கைகழுவிவிட்டார். சென்னையில் மூன்று வருடம் நர்ஸ் படிப்பு. சுருக்கமில்லாமல் படுக்கை விரிக்கவும், மேட்ரனைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்ளவும் நன்றாகவே கற்றுக்கொண்டேன். அறுபதுகளின் நடுவில் ஊரோடு வந்து ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். இரண்டே வருடத்தில் ஆபரேஷன் தியேட்டருக்குப் பொறுப்பான சிஸ்டர் ஆனேன். அந்த வயதில் அது பெரிய விஷயம். எனக்குத் தலைக்கனமும் அதற்குத் தகுந்த மாதிரி இருந்தது.

அங்கே ஆபரேஷன் செய்கிறவரைப் பெரிய டாக்டர் என்போம். பதவியிலும் பெரியவர், உருவத்திலும் பெரியவர். நூறு கிலோவுக்குக் குறையமாட்டார். காலை ஏழு அடித்தால் குழாயடியில் நிற்பார். முழங்கை வரை சோப்புப் போட்டு, நகத்துக்கு நகம் பிரஷ் வைத்து, பத்து நிமிஷம் தேய்ப்பார். அந்தப் பத்து நிமிஷம் யாரும் வாய் திறக்கக் கூடாது. மேசைப் பக்கம் வந்ததும் தலை நிமிராமல் கையை மட்டும் நீட்டுவார். எந்தக் கருவி வேண்டும் என்று சொல்லமாட்டார். சரியான கருவி உள்ளங்கையில் சத்தம் கேட்கிற மாதிரி விழ வேண்டும். விழுந்தால் ஒன்றுமில்லை. விழாவிட்டால் அந்தக் கை அப்படியே நீட்டிக்கொண்டு இருக்கும். சந்தோஷமாக இருந்தால் எங்களை "என்னம்மா" என்பார். கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டார். "வாங்க, போங்க" என்று மரியாதை கூடிவிடும். எங்களுக்கு அந்த மரியாதைதான் பயம்.

அவருக்கு ஒரே ஒரு எதிரி, வேர்வை. சித்திரை மாதத்தில் அவர் நெற்றியை ஒற்றி எடுக்கவே தியேட்டர் ஆயா முனியம்மா தனியாக நிற்க வேண்டும். பித்தப்பைக் கல்லை அவரிடம் எடுத்துக்கொண்ட ஒரு பட்டு முதலாளி, பிழைத்த சந்தோஷத்தில் தியேட்டருக்கு ஒரு ஏ.சி. வாங்கிக் கொடுத்தார். ஊரில் அப்போது ஏ.சி. என்றால் வேடிக்கை பார்க்க ஆள் வரும். முதலாளி வீட்டுக்காரர்கள் தேங்காய், கற்பூரத் தட்டோடு வந்துவிட்டார்கள். மயக்க டாக்டர் குருமூர்த்தி வாசலிலேயே மறித்து, "உள்ள ஈதர் இருக்குதுங்க. கற்பூரம் ஏத்தினா ஆஸ்பத்திரியே எகிறிடும்" என்று திருப்பி அனுப்பினார். அந்தக் காலத்தில் மயக்கத்துக்கு எங்களிடம் இருந்தது ஈதர்தான். ஒரு சின்னப் பொறி போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும். அதற்காகவே தரையில் ஈரத்துணி விரித்து வைப்போம். நைலான் உரசினாலே பொறி பறக்கும் என்று, அதைக் கட்டிக்கொண்டு யாரும் உள்ளே நுழையக் கூடாது.

ஏ.சி. வந்த பிறகு பெரிய டாக்டர் ஆளே மாறிவிட்டார். சுவிட்சைத் தானே போடுவார், தானே திருகி முழுக் குளிருக்கு வைப்பார். பாட்டு ஒன்றை முணுமுணுக்கக்கூட ஆரம்பித்தார்.

ஒரு நாள் காலை இரண்டு கேஸ், இரண்டும் குடலிறக்கம், இரண்டும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். முதலில் ஒரு மளிகைக் கடைக்காரர், நல்ல பருமன். அவர் வார்டுக்குப் போன கொஞ்ச நேரத்தில் விழித்து, காபி கொடுக்கவில்லை என்று சண்டை போட்டார். அடுத்தவர் எங்கள் தெரு ஏகாம்பரம். தறிக்காரர், எலும்பும் தோலுமான உடம்பு. அவர் விழிக்கவே இல்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பிறகு ஆரம்பித்தது பாருங்கள் நடுக்கம், இரும்புக் கட்டிலே தடதடவென்று ஆடியது. அவர் மனைவி காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாமா ஜெகதா, இப்டி ஜில்லுனு கீறாரு? உசுரு இருக்குதா இல்லியா, உள்ளதச் சொல்லு."

தெர்மாமீட்டர் வைத்தேன். பாதரசம் அடிக் கோட்டைத் தொடவே இல்லை. உதறிவிட்டு மறுபடி வைத்தேன், வேறொன்றை வைத்தேன், அதுவும் அப்படியே. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரில் தொண்ணூற்றைந்து டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே கோடே கிடையாது. மனித உடம்பு அதற்கும் கீழே போகும் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. "ரெண்டும் ரிப்பேர்" என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏகாம்பரம் சாயங்காலம்தான் கண் திறந்தார்.

ரிப்பேர் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ரத்தம் பரிசோதிக்கிற லேபில், தண்ணீர்ச் சூடு பார்க்க ஒரு நீளமான தெர்மாமீட்டர் வைத்திருந்தார்கள். அது சென்டிகிரேட் கணக்கு, பூஜ்யத்திலிருந்து நூறு வரை எல்லாக் கோடும் இருக்கும்; நல்ல உடம்புக்கு முப்பத்தேழு. அதைக் கெஞ்சி வாங்கி வந்து, ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களுக்கெல்லாம் வைத்துப் பார்த்தேன். பருமனானவர்கள் முப்பத்தாறு, கொஞ்சம் முன்னே பின்னே. ஒல்லியானவர்கள் முப்பத்து நாலு. குழந்தைகள் இன்னும் மோசம். எங்கள் ஊரில் தறிக்குழியில் உட்கார்ந்தே காலம் தள்ளுகிற ஜனங்களில் பருமனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படியானால் வருகிற பாதிப் பேரை நாங்கள் குளிரில் போட்டு வாட்டுகிறோம்.

குருமூர்த்தி டாக்டரிடம் சொன்னேன். அவரும் ஒல்லி. இரண்டு பனியன் போட்டும் தியேட்டரில் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். "அண்டாவுல காய்ச்சின வெந்நி மத்தியானம் வரைக்கும் சுடுது டாக்டர். டம்ளர்ல ஊத்தினது உடனே ஆறிப்போவுது. அது மாதிரிதானே?" என்றேன்.

"அதேதான் சிஸ்டர். பெரிய உடம்புல சூடு நெறைய. அந்தச் சூடு வெளிய போற தோல் அந்த அளவுக்கு இல்ல. அதுக்கு மேல கொழுப்பு வேற கம்பளி மாதிரி மூடியிருக்கு. சின்ன உடம்புக்கு ரெண்டுமே கெடையாது. போதாக்குறைக்கு மயக்கத்துல உடம்பு நடுங்கிக்கூடச் சூடு பண்ணிக்க முடியாது" என்றார்.

"பெரிய டாக்டர்கிட்ட சொல்லுங்களேன்."

"நீங்களே சொல்லுங்களேன்" என்று நழுவிவிட்டார். நல்ல மனுஷன், ஆனால் தைரியம் மட்டும் மருந்துக்கும் கிடையாது.

நான் சொன்னேன். பெரிய டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே, "எனக்குக் குளிரலையேம்மா" என்றார். அவ்வளவுதான் பதில். அவ்வளவு பெரிய உடம்புக்கு எப்படிக் குளிரும்?

சரி, ஏ.சி.யை அணைக்க முடியாது, ஆளையாவது மூடுவோம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. இங்கேதான் நான் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் தறியில் மிச்சமாகிற கழிவுப் பட்டு நூலை அம்மா சேர்த்து வைத்து, பனிக்காலத்தில் பிள்ளைகளுக்கு மெத்தை தைப்பாள். அந்தக் கதகதப்பு வேறெதிலும் வராது. நூல் துணிக்குள் அந்தப் பட்டைத் திணித்து, இடுப்பிலிருந்து பாதம் வரை வருகிற மாதிரி இரண்டு கால் உறை தைத்தேன். நைலான் மாதிரியே தியேட்டருக்குள் பட்டும் கூடாது என்று படிப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வெளியே நூல் துணிதானே, உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். கோடையில் காற்று காய்ந்தால் தறியில் பட்டிழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சிலிர்க்கும் என்று எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். ஏ.சி. காற்று அதைவிடக் காய்ந்தது. தெரிந்தும் தோன்றவில்லை. பட்டு என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கண் மறைத்துவிடும்.

ஒரு ஒல்லிப் பெண்ணுக்கு அந்த உறையை மாட்டி, ஆபரேஷன் முடிந்ததும் உருவினேன். படபடவென்று சத்தம். இருட்டாக இருந்திருந்தால் பொறியே தெரிந்திருக்கும். மேசைத் தலைமாட்டில் ஈதர் வாசனை இன்னும் போகவில்லை. பெரிய டாக்டர் வந்து உறையை வாங்கி, தையலைப் பிரித்து, உள்ளே இருந்த பட்டை விரலால் எடுத்துப் பார்த்தார்.

"சிஸ்டர், நீங்க ரொம்பப் படிச்சவங்க. இந்த அறையில ஏழு பேர் இருக்கோம். ஏழு பேரையும் சேர்த்துக் கொளுத்தறதுக்கு உங்களுக்கு யார் அனுமதி குடுத்தாங்க?"

அவர் சொன்னது சரி. மறுநாளிலிருந்து கருவி எடுத்துக் கொடுக்கிற இடம் என் ஜூனியருக்குப் போனது. எனக்கு தியேட்டருக்குள் ஓடி ஆடி எடுத்துக் கொடுக்கிற வேலை. இன்னொரு தப்பு நடந்தால் வெளி நோயாளிகளுக்குக் கட்டுப் போடுகிற அறைக்கு மாற்றம் என்றும் சொல்லிவிட்டார். குளிரைப் பற்றி நான் அதற்குப் பிறகு மூச்சுவிடவில்லை.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் பத்மாவதியைக் கொண்டுவந்தார்கள். மாகறல் பக்கத்து ஜைனக் குடும்பம், விவசாயம். முப்பது முப்பத்தைந்து வயது. எட்டு நாள் நோன்பிருந்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மட்டும் குடித்து, கொண்டுவந்ததற்கு முந்தின நாள்தான் நோன்பை முடித்துச் சாப்பிட்டிருக்கிறாள். காய்ந்து கிடந்த குடலில் சோறு விழுந்ததும் குடல் முறுக்கிக்கொண்டது. வயிறு கல்லாட்டம் இருந்தது. எடை பார்த்தேன், முப்பத்து நாலு கிலோ. இருந்த கொஞ்சநஞ்சக் கொழுப்பையும் நோன்பு தின்றுவிட்டது. தோலைக் கிள்ளினால் விரலுக்கு நடுவில் தோலைத் தவிர ஒன்றுமில்லை.

அவள் கணவர் தர்மசேன நயினார் வாசலில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். "மூணு பொண்ணுங்கமா. கடைசிக்கு இப்பதான் பல்லு மொளைக்குது. எப்டியாவது திருப்பிக் குடுத்துடுங்க" என்றார். என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

மேசையில் ஏற்றும் முன் பஞ்சுச் சுருளை எடுத்து அவள் இரண்டு காலையும் கையையும் சுற்றிக் கட்டினேன், தலையையும் மூடினேன். சுத்தமான பருத்திப் பஞ்சு, முனியம்மாவைச் சாட்சி வைத்துப் பிரித்தேன். பெரிய டாக்டர் பார்த்தார். சுவிட்சைப் போட்டார்.

வயிற்றைத் திறந்தால் ஒரு முழக் குடல் கறுத்துப் போயிருந்தது. அதை வெட்டி எடுத்து இரண்டு முனையையும் இணைக்க வேண்டும். மீதிக் குடல் எல்லாம் வெளியே, ஈரத்துணிக்குள். மேலே ஏ.சி. காற்று. வயிற்றைக் கழுவ ஊற்றிய சலைன் பாட்டிலும் அறைக்குளிரில் கிடந்ததுதான். ஒவ்வொரு பாட்டிலையும் நீட்டியது நான்தான்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். குருமூர்த்தி டாக்டர் நாடியை எண்ணிக்கொண்டிருந்தவர், மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"சார், நாடி அம்பதுக்குக் கீழ போயிடுச்சு. மூச்சும் மேலோட்டமாத்தான் இருக்கு. ஈதரை நிறுத்திப் பத்து நிமிஷம் ஆச்சு. ஆனா அசையவே மாட்டேங்கறாங்க."

"ரத்தம் போகலையே. அப்புறம் ஏன்?" என்றார் பெரிய டாக்டர். கை நின்றுவிட்டது. அவர் கை நின்று நான் பார்த்ததே இல்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். சொன்னால் கட்டுப் போடுகிற அறை. சொல்லாவிட்டால் வாசலில் நிற்கிற மனிதருக்கு நான் என்ன பதில் சொல்வது? லேப் தெர்மாமீட்டரை அலமாரியிலிருந்து எடுத்தேன். துணிக்கடியில் கையை விட்டு, ஆசனவாயில் வைத்து, உடைந்துவிடாமல் பிடித்துக்கொண்டு மூன்று நிமிஷம் எண்ணினேன்.

"முப்பத்து ரெண்டு, டாக்டர்."

"உங்க தெர்மாமீட்டர் ரிப்பேரா இருக்கும் சிஸ்டர்."

மரியாதை கூடிவிட்டது. இனிமேல் இழக்க என்ன இருக்கிறது? தெர்மாமீட்டரைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, நேரே குருமூர்த்தி டாக்டரிடம் போனேன். "கையைத் தூக்குங்க டாக்டர்" என்றேன். அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். முகம் சுளித்தார், ஆனால் தூக்கினார். இரண்டு பனியனையும் விலக்கி அக்குளில் வைத்தேன். மறுபடி மூன்று நிமிஷம் எண்ணினேன். எடுத்துப் பெரிய டாக்டர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். முப்பத்தாறரை.

அவர் அதைப் பார்த்தார், மேசையில் கிடந்தவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏ.சி.ய அணை" என்றார். "என்னென்ன பண்ணணுமோ பண்ணு."

பறந்தேன். அடுத்த அறையில் கருவி வேகவைக்கிற பாத்திரத்திலிருந்து வெந்நீரை வாளியில் பிடித்து, சலைன் பாட்டில்களை முதலில் வெதுவெதுப்பில், பிறகு சூட்டில் நிறுத்தினேன். அவசரப்பட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். மணிக்கட்டின் உள்பக்கம் ஊற்றிப் பார்த்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு வந்ததும் நீட்டினேன். பெரிய டாக்டர் வயிற்றுக்குள் ஊற்றிக் கழுவினார், உறிஞ்சி எடுத்தார், மறுபடி ஊற்றினார். ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றி, தோலில் படாமல் பக்கவாட்டில் வைத்தேன். மயக்கத்தில் இருப்பவளுக்குச் சுட்டால் சொல்லத் தெரியாது. நரம்பில் ஏறுகிற சலைனையும் வெதுவெதுப்பானதாக மாற்றினேன்.

"இன்னும் கொண்டா. சூடு பத்தல" என்றார் பெரிய டாக்டர். அந்த ஒருமையைக் கேட்டதும் எனக்கு இறக்கை முளைத்துவிட்டது.

ஆனி வெயில், ஜன்னல் எல்லாம் மூடல். கால் மணி நேரத்தில் அறை வெந்தது. பெரிய டாக்டர் முகத்தில் வேர்வை வழிந்தது. வயிற்றுக்குள் ஒரு சொட்டு விழுந்தாலும் ஆபத்து என்று அவர் நெற்றியைச் சுற்றி முனியம்மா துண்டைக் கட்டினாள். அது நனைந்ததும் இன்னொன்று. "டாக்டரையா, உங்களப் புழிஞ்சா ஒரு கொடம் வரும் போலக்குதே" என்றாள். அவர் சிரித்தார். ஆனால் ஒரு தடவைகூட அந்தச் சுவிட்ச் பக்கம் திரும்பவில்லை.

முப்பத்து மூன்று. நாடி ஐம்பத்தெட்டு. முப்பத்து நாலு. நாடி எழுபது. தையல் முடிகிறபோது அவள் மூச்சை ஆழமாக இழுத்து விட்டாள், நெஞ்சு நன்றாக ஏறி இறங்கியது. எனக்குக் கூத்தாட வேண்டும் போல இருந்தது. வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வார்டுக்கு அனுப்பலாமா?" என்றார் குருமூர்த்தி டாக்டர்.

"முப்பத்தாறு வரட்டும் டாக்டர்" என்றேன்.

பெரிய டாக்டர் வெளியே போய்க் காற்று வாங்கியிருக்கலாம். போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், ஸ்டூல் முனகியது. "நாளையிலேர்ந்து லிஸ்ட்ல பேருக்குப் பக்கத்துல எடையும் எழுதும்மா. ஒல்லியா இருந்தா இந்த அறை எப்படி இருக்கணும்னு நீதான் முடிவு பண்ற. இந்தப் பஞ்சு சுத்தற வேலைய எல்லாருக்கும் சொல்லிக்குடு" என்றார். பிறகு, "அந்த ஏகாம்பரத்துக்கும் இதேதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

ஒன்றரை மணி நேரம் அப்படியே காத்திருந்தோம். வெந்நீரை மாற்றினேன், தெர்மாமீட்டரை வைத்தேன், எடுத்தேன். முப்பத்தாறைத் தாண்டிய சற்று நேரத்தில் பத்மாவதியின் இமை அசைந்தது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பஞ்சு சுற்றின கையால் போர்வையைத் தள்ளப் பார்த்தாள். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இன்னாமா இது, இப்டிப் புழுங்குது? இந்த ஊட்டுல காத்தே வராதா?"

குருமூர்த்தி டாக்டர் பனியனால் கண்ணைத் துடைத்தார். வேர்வைதான் என்று பிறகு சாதித்தார். முனியம்மா நயினாரிடம் சொல்ல வெளியே ஓடினாள். அந்த மனிதர் குரலெடுத்து அழுதது உள்ளே எங்களுக்குக் கேட்டது. பன்னிரண்டாம் நாள் அவர் மனைவியை நடக்கவைத்தே கூட்டிக்கொண்டு போனார்.

ஆபரேஷன் நடந்த அன்றைக்கு அவளை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றி, கழுத்து வரை போர்த்திக்கொண்டிருந்தேன். பெரிய டாக்டர் எழுந்தார். சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நேரே சுவிட்சிடம் போனார். அதில் விரலை வைத்தார். வைத்தவர், போடாமல் திரும்பி என்னைப் பார்த்தார்.

"போட்டுக்கட்டுமாம்மா?"

"ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டட்டும் டாக்டர்" என்றேன்.

விரலை எடுத்துக்கொண்டு, தாண்டுகிற வரைக்கும் காத்துக்கொண்டு நின்றார்.